‘ஆப்சென்ட்-மைண்டெட்’: ஒலியசையும் அழுத்தமும் சொற்கட்டமைப்பும்

‘மனம் வேறிடத்தில் உள்ள’ எனப் பொருள்படும் ‘ஆப்சென்ட்-மைண்டெட்’ என்னும் ஆங்கிலக் கூட்டுப் பெயரடையைச் சிறுகோடு நிற்குமிடத்தில் பிரித்து, ‘ஆப்சென்ட்’, ‘மைண்டெட்’ என இரண்டு உறுப்புகளாகக் காட்டுவது எளிது. எழுத்துமுறை காட்டும் இப்பிரிப்பைச் சொற்கட்டமைப்பாகவும் கொள்வது பொருந்தாது. இங்குள்ள ‘எட்’ இறந்தகாலம் காட்டும் வினை விகுதி அன்று. பெயரைச் சார்ந்து ‘அதனை உடைய’ என்னும் பொருள் தருவது. அது ‘மைண்ட்’ என்னும் பெயரை மட்டும் பற்றாமல் ‘ஆப்சென்ட் மைண்ட்’ என்னும் தொடர் முழுவதையும் பற்றுகிறது. ‘புளூ-ஐட்’ (நீலக் கண்ணுடைய) என்பதில் இது வெளிப்படை. கண்ணுடைமை பொது, நீலக் கண்ணுடைமையே சிறப்பித்துக் கூறத்தக்கது.

ஒலியசை எல்லை உருபன் எல்லையைப் பின்பற்ற வேண்டுவதில்லை. ‘புளூ-ஐட்’ இரண்டு அசைகளே உடையது. அங்கு ஈறு ஒரு மெய்யாக ஒடுங்கி நிற்கிறது. ‘மைண்ட்’ என்பதன் இறுதி மெய்க்குப் பின்னரோ அதே ஈறு உயிர் பெற்றுத் தனி அசையாகிறது. ஆகவே ‘ஆப்சென்ட்-மைண்டெட்’ நான்கசைச் சொல். (யாப்பின் நிரையசை இரண்டு உயிர்களைக் கொள்ளுமாதலின், ‘அசை’ என்னும் சொல்லை இங்கு விளக்கமின்றி ஆள்வது மாணவரை மயக்கும்.) இறுதி இரண்டு அசைகளின் எல்லையிலும் கருத்து வேறுபாடு உண்டு. மெய்யை இயன்றவரை அடுத்த அசைக்கு முதலாக்கும் கொள்கைப்படி ‘மைண்–டெட்’ என்றாகும். அழுத்தமுள்ள அசையே மெய்யை ஈர்க்கும் என்னும் ஜே. சி. வெல்ஸின் கொள்கைப்படி ‘மைண்ட்–எட்’ என்றாகும். பின்னது உருபன் எல்லையோடு ஒன்றுபடுவது கற்பித்தலுக்கு உதவும்; எனினும் அவ்வொற்றுமையையே அதற்குரிய சான்றாகக் கொள்ளலாகாது.

அழுத்தமே மிகுதியும் ஆராயத்தக்கது. ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் முதலுறுப்பே அழுத்தம் பெறும் என்னும் விதி, ‘பிளாக்பேர்ட்’ போன்ற பெயர்களுக்குப் பெரிதும் பொருந்துவது. ‘ஆப்சென்ட்-மைண்டெட்’ பயனிலையாக நிற்கும்போது முதன்மை அழுத்தம் மூன்றாம் அசையில் விழுகிறது. முதலசை துணையழுத்தமே பெறுகிறது. பெயர்த்தொடரில் இறுதிச் சொல் மிகுந்த அழுத்தம் பெறும் இயல்போடு இது ஒத்திருப்பதால், அடிச்சொல் தொடரே என்னும் முடிபுக்கு இது துணை செய்கிறது. ஆனால் முழுச் சான்றாகாது. தொடரடி இல்லாத ‘ஹார்ட்-வொர்க்கிங்’ என்பதும் பின்னுறுப்பிலேயே அழுத்தம் பெறுகிறது. ‘ஹோம்சிக்’ முன்னுறுப்பில் பெறுகிறது.

அன்றியும், முதலசையில் அழுத்தமுடைய பெயர் அடுத்து வருமாயின் அழுத்தம் இடம் மாறும். ‘ஆப்சென்ட்-மைண்டெட் டீச்சர்’ என்பதில் ‘மைண்’ தன் மிகுதியை இழக்க, ‘ஆப்’ எழுச்சி பெறுகிறது. அகராதி தனிச்சொல்லுக்குத் தரும் அழுத்தக்குறியை இத்தொடரிலும் அப்படியே ஒலிப்பவர், அருகருகே இரண்டு வல்லழுத்தங்களை நெருக்கி ஆங்கிலத்தின் இயல்பான தாளத்தைக் குலைக்கிறார்.