வால்நட் ஆளுயரக் கடிகாரங்கள்: பெட்டியும் பொறியும்

ஆளுயரக் கடிகாரத்தின் நெடிய மரப்பெட்டி, தொங்கும் எடைகளுக்கும் ஊசலுக்கும் இடம் தருவதற்காகப் பிறந்தது. அழகு பின்னால் வந்து சேர்ந்தது. ஹாலந்தில் ஹைகன்ஸ் 1656-இல் வடிவமைத்த ஊசல் கடிகாரத்தை 1658-இலேயே லண்டனில் விளம்பரம் செய்து விற்றார் அகாசுவேரஸ் ஃப்ரொமான்டீல். 1670 வாக்கில் பற்சக்கரத்தைப் பல் பல்லாக விடுவிக்கும் நங்கூர வடிவ எஸ்கேப்மென்ட் வந்ததும் ஊசலின் வீச்சு குறுகியது. ஏறத்தாழ 99.4 செ.மீ. ஊசல், வீச்சுக்கு ஒரு வினாடி என்று ஒழுங்காக ஆடியது.

வால்நட் பெட்டிகள் லண்டன் பட்டறைகளின் பெருமை. ஓக் பலகையில் கூடு செய்து, அதன்மேல் வால்நட் மரத்தின் மெல்லிய தகட்டை, அதாவது வெனீரை, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள். சிறு கிளைகளைக் குறுக்கே சீவி, ஆண்டு வளையங்கள் சிப்பி ஓடுபோல் தெரியும்படி பதித்த கதவுகள் இவற்றில் தலைசிறந்தவை. கைரம்பத்தால் அறுத்த அக்கால வெனீர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும். பெயர்ந்த ஓரத்தில் காகிதம்போல் மெல்லிய தகடு தெரிந்தால், அது பிற்கால இயந்திரத்தின் வேலை.

நாட்டுப்புறக் கைவினைஞர்கள் பெரும்பாலும் வெனீர் இல்லாத ஓக் பெட்டியோடும், தினமும் கயிற்றை இழுத்து முடுக்கும் முப்பது மணிநேரப் பொறியோடும் நிறுத்திக்கொண்டார்கள். லண்டன் பொறிக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். லண்டன் கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியன் தம் கடிகாரங்களுக்கு வரிசை எண் பொறித்தார். அசலை அடையாளம் காண இன்றும் அது உதவுகிறது.

1709-இன் கடுங்குளிரில் பிரான்சின் வால்நட் மரங்கள் பட்டுப்போயின. 1720-இல் அந்நாடு வால்நட் ஏற்றுமதியை நிறுத்தியது. மறு ஆண்டே குடியேற்ற நாட்டு மரங்களுக்கு இங்கிலாந்து வரியை நீக்கியதால் மகோகனி மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது.

மதிப்பிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மெருகை அல்ல. பொறியும் பெட்டியும் பிறவியிலேயே சேர்ந்தவையா என்பதே முதல் கேள்வி. பொறி அமரும் பலகையில் தேவையில்லாத துளைகள் இருந்தாலோ, முகப்புத் தகடு கதவின் சட்டத்துக்குள் சரியாகப் பொருந்தாவிட்டாலோ, வேறொரு கடிகாரத்தின் பொறி உள்ளே ஏறியிருக்கலாம்.

லண்டன் கடிகார மரபின் உச்சங்களில் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. டாம்பியனின் வாரிசான ஜார்ஜ் கிரஹாமின் வழியில் வந்த ஜான் ஷெல்டன் செய்த வானியல் கடிகாரம், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் இருந்து, பின்னர் கொடைக்கானல் வானாய்வகம் போய்ச் சேர்ந்தது. கேப்டன் குக்கின் பயணத்துக்குக் கடிகாரம் தந்ததும் ஷெல்டனின் கைதான். இவ்வகைக் கடிகாரத்தில் அலங்காரம் மிகக் குறைவு. உழைப்பெல்லாம் ஊசலில் இருக்கிறது. வெறும் எஃகுத் தண்டு, வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் நீண்டு நாளுக்கு ஐந்து வினாடி பின்தங்கும். ஷெல்டன் பித்தளையும் எஃகும் மாறிமாறி அமைந்த கம்பிச் சட்டத்தை ஊசலாக்கினார். எஃகு கீழே இறக்குவதைப் பித்தளை மேலே தூக்கிச் சமன் செய்துவிடும்.