அவள் உழைப்பும் அவன் நிலமும்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வந்து சேர்ந்தது. தொலைக்காட்சி விவாதங்கள் பெரும்பாலும் இது இலவசமா, ஓட்டுக்குக் கொடுக்கும் விலையா என்பதிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. பெண்ணின் உழைப்பு அந்தப் பேச்சில் தலைகாட்டுவதே அபூர்வம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து வைக்கும் இந்த ஐந்து மணி நேரம் இல்லாமல் எந்த ஆணும் மறுநாள் வேலைக்குக் கிளம்ப முடியாது. ஊதியமில்லாத இந்த உழைப்புக்கான அங்கீகாரமே இத்தொகை என்று அரசு வெளிப்படையாகச் சொன்னது. 1970களில் இத்தாலியப் பெண்ணியர்கள் எழுப்பிய 'வீட்டு வேலைக்கு ஊதியம்' என்ற கோரிக்கையின் சாரம் ஒரு மாநில அரசின் திட்டத்தில் இடம்பிடித்ததை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

ஆனால், 2023இல் வகுத்த விதிமுறைகளைப் படித்தால் அந்த அங்கீகாரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகக் கூடாது. வீட்டில் கார் இருக்கக் கூடாது. இவை எல்லாமே குடும்பத்தின் சொத்தை அளக்கின்றன. பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்று இவற்றில் எந்த விதியும் கேட்பதில்லை. பட்டா கணவன் பெயரிலும் கார் மாமனார் பெயரிலும் இருக்க, சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாதவள் 'வசதியானவள்' ஆகிவிடுகிறாள். ஆறு ஏக்கர் நன்செய் உள்ள வீட்டில் மாட்டுத் தொழுவமும் களத்து வேலையும் சேர்ந்து அவள் பாடு கூடத்தான் செய்யும், குறையாது. போதாக்குறைக்கு, ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்தான். ஒரே கார்டில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் இருந்தால், மூவரில் ஒருவரின் உழைப்பே கணக்கில் ஏறும். 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தும் தொடக்கத்தில் சுமார் 57 லட்சம் பேர் விடுபட்டார்கள்.

நிதி குறைவு, ஏழைகளுக்கு முதலிடம் தருவதுதானே நியாயம் என்று கேட்பார்கள். நியாயம்தான். அதற்கும் பெண்ணின் பெயரில் உள்ள வருமானத்தையும் சொத்தையும் வைத்தே வடிகட்டலாம். பட்டாவும் வருமான வரிக் கணக்கும் தனித்தனிப் பெயரில்தானே இருக்கின்றன? பயனாளிகள் கூடுவார்கள், செலவு ஏறும் என்பதும் உண்மை. ஆனால், ஆணின் சொத்தைக் காட்டிப் பெண்ணை நிராகரிக்கும் முறைக்கு அது சமாதானம் ஆகாது. இன்னொரு மறுப்பு பெண்ணியத்துக்குள்ளிருந்தே வருகிறது: வீட்டு வேலைக்குப் பணம் கொடுப்பது பெண்ணை அடுப்படியோடு கட்டிவைக்கும் என்று 1981இலேயே அமெரிக்கப் பெண்ணியர் ஏஞ்சலா டேவிஸ் வாதிட்டார். கோட்பாடாக அதில் வலு உண்டு. ஆனால், 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். சுமார் மூன்று நாள் கூலிக்குச் சமமான தொகையை நம்பி யாரும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியாது. மருந்துக்கோ பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ ஒருவரிடம் கையேந்தாமல் இருக்கலாம். அந்த அளவுக்குத்தான் இந்தப் பணம் உதவும், அந்த அளவே மதிப்புள்ளது.

2021 தேர்தலில் தி.மு.க. 1,000 ரூபாய் என்றது, அ.தி.மு.க. 1,500 என்றது, மக்கள் நீதி மய்யம் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்றது. தொகையில் போட்டியிட்ட கட்சிகள் வேட்பாளர் பட்டியலில் அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. அந்தத் தேர்தலில் 234 இடங்களில் பெண்கள் வென்றவை 12. மகளிர் அமைப்புகள் தொகையை உயர்த்தக் கேட்பதோடு, தகுதி விதிகளைத் திருத்த ஒரு குழுவையும் அதில் பாதி இடத்தையும் கேட்க வேண்டும்.