குடவோலையும் மக்களாட்சியும்: ஒரு மறுநோக்கு

1. ஆய்வின் நோக்கம்

மக்களாட்சியின் வேர்களைத் தமிழ் மண்ணில் தேடுவோர் பெரும்பாலும் முதலிற் சென்றடையும் இடம் உத்திரமேரூர். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். நீலகண்ட சாத்திரியார் பின்னர் அவற்றை நுணுகி ஆய்ந்தார். அன்று தொட்டுப் பள்ளிப் பாடநூல்களிலும் அரசியல் மேடைகளிலும் உத்திரமேரூர் மக்களாட்சியின் தொட்டிலாகப் போற்றப்பட்டு வருகிறது. 2020 டிசம்பர் 10ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் அவ்வூர் எடுத்துக்காட்டப்பெற்றது.

பெருமிதம் கொள்வது தவறன்று. ஆயின், பெருமிதம் ஆராய்ச்சியின் இடத்தைக் கைக்கொள்ளுதல் தகாது. “உத்திரமேரூரில் மக்களாட்சி நிலவிற்று” என்னும் கூற்றில் இருவேறு கோட்பாடுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இரு கோட்பாடுகள்

1949 நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பெற்ற நம் அரசமைப்பின் முகப்புரை, இந்நாட்டை மக்களாட்சி என்றும் குடியரசு என்றும் இரு சொற்களாற் குறிக்கின்றது. இது கூறியது கூறலன்று. ஆட்சி எவருடைய தனியுடைமையும் ஆகாது. பதவி என்பது காலவரையறையும் கணக்கும் உடைய பொறுப்பு. அதனைத் தாங்குவோர் பொதுவிற்கு விடைகூறக் கடமைப்பட்டவர். இது குடியரசுக் கோட்பாடு. அப்பொதுவினுள் அடங்குவோர் யாவர் என்னும் வினாவிற்கு, பிறப்பும் பொருளும் பாலும் கருதாது அனைவரும் என விடை கூறுவது மக்களாட்சிக் கோட்பாடு. முன்னையது ஆள்வோர்க்கு எல்லை வகுக்கின்றது. பின்னையது ஆளப்படுவோரைச் சமமாக எண்ணுகின்றது.

ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்றும் இருந்தே தீரும் என்பதில்லை. ஏதென்சு நகரத்தார் பதவிகளிற் பலவற்றைத் திருவுளச்சீட்டினால் நிரப்பினர். பதவிக்காலம் முடிந்தோரிடம் கணக்குக் கேட்டனர். அரித்தாட்டிலும் தம் ‘அரசியல்’ நூலில், சீட்டினால் அமர்த்துதல் மக்களாட்சிக்கும், தேர்ந்தெடுத்தல் சிலராட்சிக்கும் உரிய இயல்பு எனக் கருதினார். எனினும் அந்நகரத்துப் பெண்டிரும் அடிமைகளும் அயலாரும் அச்சீட்டிற்குப் புறம்பாயினர். ஆகலின், சீட்டு எடுக்கும் முறையை மட்டும் கொண்டு ஓர் அமைப்பின் தன்மையைத் துணிதல் இயலாது. யாருடைய பெயர் சீட்டில் எழுதப்பெற்றது என்பதே முதல் வினா.

3. கல்வெட்டு உணர்த்துவன

இவ்வளவுகோலைக் கொண்டு உத்திரமேரூரை அணுகுவோம். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டின்படி, ஓலையிற் பெயர் எழுதப்பெறுவோர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் எடுத்த வீடும் உடையவராக, 35 அகவைக்கு மேல் 70 அகவைக்குள் அமைந்தவராக, மந்திர பிராமணம் ஓதி உணர்ந்தவராக இருத்தல் வேண்டும். வேதமொன்றும் பாடியமொன்றும் வல்லார்க்கு அரைக்கால் வேலியே போதும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தோர்க்கு இடமில்லை. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதோர்க்கு மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை.

சீட்டு எடுக்கும் முறையும் கருதத்தக்கது. பெயரோலைகள் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பெறும். நம்பிமாருள் மூத்தவர் குடத்தை அனைவரும் காண உயர்த்திப் பிடிப்பார். வேறுபாடு அறியாச் சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். மத்தியத்தன் ஐந்து விரலும் விரிய அகங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் பின்னர் அதனை வாசிப்பர். இவ்வாறு அமர்த்தப்பெற்ற 30 பேருள் பன்னிருவர் ஆட்டை வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் செய்வர். பதவிக்காலம் 360 நாட்கள்.

ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஓர் ஐயம் நிற்பதை நோக்குக. சிறுவனை நாடியது, பெரியோர் கை சார்புடையது என்னும் ஐயத்தால். விரல்களை விரிக்கச் சொன்னது, மடங்கிய விரலினுள் வேறோர் ஓலை மறைதல் கூடும் என்னும் ஐயத்தால். மூன்றாண்டு இடைவெளி, பதவி உடைமையாகிவிடும் என்னும் ஐயத்தால். மனிதர் நல்லவர் என நம்பி அமையாது, நல்லவரும் பிழைபடுவர் எனக் கருதி முறை வகுத்த அறிவு இது. குடியரசுக் கோட்பாட்டின் உயிர்நிலை இவ்வையமே ஆகும். இவ்வகையில் உத்திரமேரூர் எந்நாட்டு அமைப்பிற்கும் இளைத்ததன்று.

ஆயின் அவ்வூர் ஒரு பிரமதேயம். அதன் சபை நிலமும் மறையறிவும் உடைய அந்தணர் அவை. நிலத்தை உழுதோரும், ஏரியின் கரை சுமந்தோரும், பெண்டிரும் அக்குடத்தினுள் ஓலையாக இடம்பெற வழியில்லை. சபையின் முடிவும் அரசன் ஆணைவழி, அவன் அதிகாரி உடனிருக்க எய்தப்பட்டது. பத்தாம் நூற்றாண்டை இருபதாம் நூற்றாண்டின் கோலால் அளந்து இழித்துரைப்பது நம் கருத்தன்று. இல்லாத பெயரை இட்டு வழங்குதல் வேண்டா என்பதே நம் கருத்து.

4. அகநானூற்றுச் சான்று

குடவோலை சங்க காலத்திலேயே வழங்கியது என்பார் மருதன் இளநாகனாரின் அகநானூற்று 77ஆம் பாடலைக் காட்டுவர். பாலைப் பாட்டாகிய அதன்கண், போரில் வீழ்ந்தார் குடரைப் பருந்து பற்றி இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் யாத்த குடத்தின் இலச்சினையை நோக்கி நீக்கி ஓலையை வெளிக்கொணரும் ஆவண மாந்தர் உவமை ஆகின்றனர்.

இவ்வுவமையில் குடம் உண்டு, கயிறு உண்டு, இலச்சினை உண்டு, ஓலை உண்டு. குடும்பு இல்லை, போட்டியிடுவோர் இல்லை, சபை இல்லை, சிறுவனும் இல்லை. ஓலை எடுப்போர் ஆவணத்தொழில் உடையோர். ஆதலின் இது காப்பிட்டு வைத்த ஆவணங்களை வெளிக்கொணரும் செயலாதலும் கூடும். தேர்தல் என்னும் பொருள் பாட்டினின்று பிறந்ததன்று. பல நூற்றாண்டுகட்குப் பிற்பட்ட கல்வெட்டினின்று பாட்டின்மேல் ஏற்றப்பட்டது. பின்னதைக் கொண்டு முன்னதற்குப் பொருள் கண்டு, அம்முன்னதையே பின்னதன் தொன்மைக்குச் சான்றாக்குதல் வட்டமாகச் சுழலும் வாதமாகும். பாட்டு ஐயமின்றித் தரும் செய்தி ஒன்றே: ஓலைகளைக் குடத்திலிட்டு இலச்சினையாற் காத்து வைக்கும் வழக்கம் அக்காலத்து இருந்தது.

5. இலக்கியம் காட்டும் அடிப்படை

அவ்வாறாயின் மக்களாட்சியின் மெய்ப்பொருள் தமிழ் மரபில் அறவே இல்லையோ? உண்டு, அதனைத் தேடவேண்டிய இடம் வேறு. மோசிகீரனாரின் புறநானூற்று 186ஆம் பாடல் மன்னனை உலகிற்கு உயிராக்கிற்று. கம்பரோ அரசியற் படலத்தில் உயிர்களெல்லாம் உறையும் உடம்பாக மன்னனைக் கண்டார். உயிர் இடம் மாறியபோது ஆட்சியின் நோக்கமும் இடம் மாறிற்று. எனினும் கம்பர் கண்டது மக்கட்காக நடக்கும் ஆட்சியே. மக்களால் நடக்கும் ஆட்சியன்று.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. அயலூரினள், கணவனை இழந்தவள், அரசவையில் எவ்வகைத் துணையும் அற்றவள் ஆகிய கண்ணகி, மன்னன் தீர்ப்பு பிழை எனச் சான்று காட்டி மெய்ப்பிக்கின்றாள். அவள் பிறப்பையோ நிலத்தையோ எவரும் வினவவில்லை. உண்மை உடையோர் எவரும் ஆள்வோரை வினவலாம் என்னும் சமன்மை ஈண்டு வெளிப்படுகின்றது. ஆயின் அதனை நிலைநிறுத்தும் அமைப்பு மதுரையில் இல்லை. பாண்டியனை ஒறுத்தது சட்டமன்று. அவன் நெஞ்சமும் ஊழுமே. நெஞ்சமில்லா மன்னன் முன் கண்ணகியின் சிலம்பு என்செய்யும்?

மதுரையில் சமன்மை உண்டு, அமைப்பு இல்லை. உத்திரமேரூரில் அமைப்பு உண்டு, சமன்மை இல்லை. மதுரையில் மன்னனை வினவிய பெண்ணின் பெயர் உத்திரமேரூர்க் குடத்தில் ஓலையாக நுழைந்திராது.

6. முடிவுரை

இவ்விரண்டும் இணைந்தமை அண்மைக்கால நிகழ்ச்சியாகும். அனைவர்க்கும் வாக்குரிமை நல்கிய அரசமைப்பும், 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அவ்விணைப்பின் படிகள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் உத்திரமேரூரோடு ஒருங்கிருந்த நாவலூரில், நிலமற்றோரும் பெண்டிரும் 18 அகவை நிரம்பிய இளைஞரும் 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை உடையோராயினர். 2022இல் தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பெற்று, 35 அகவை எய்தாத ஒருவர் அதில் அமர்ந்தார். உத்திரமேரூர் விதிகளின்படி அவர் பிறப்பாலும் பாலாலும் அகவையாலும் விலக்கப்பட்டிருப்பார்.

ஆகவே உத்திரமேரூரை மக்களாட்சி என்பது இருவகையில் இழுக்குடைத்து. அன்று குடத்திற்குப் புறம்பே நின்றோரின் வழியினரிடம், அது உங்கள் ஆட்சியே எனக் கூறுவது ஒன்று. கணக்குக் காட்டாதார்க்கு மீண்டும் பதவியில்லை என்ற அதன் உண்மைப் பெருமையைப் பொதுப் புகழ்ச்சியில் மறைப்பது மற்றொன்று. 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசமைப்பு அவையில் உரையாற்றிய அம்பேத்கர், அரசியலிற் சமன்மையும் வாழ்க்கையிற் சமனின்மையும் ஒருங்கு நிலவும் முரணை எச்சரித்தார். அம்முரண் தீர்ந்தபாடில்லை, வாரியம் செய்வோரிடம் கணக்குக் கேட்கும் உறுதியும் நம்மிடம் தளர்ந்தே உள்ளது. முன்னோரிடம் கற்கவேண்டியது எது, நாமே ஈட்டவேண்டியது எது எனப் பகுத்துணர்தல் தமிழாய்வாளர் கடனாகும்.