பம்ப் ஓடுச்சு, சரி. ஆள் பொழைக்கிறாரா?

நண்பரோட அப்பாவுக்கு மாரடைப்பு. ரத்த அழுத்தம் சரிஞ்சுக்கிட்டே போனதால பலூன் பம்ப் வச்சாங்க. மூணாம் நாள் காலமானார். "நான் கையெழுத்துப் போட்டது சரிதானா?"ன்னு நண்பர் இன்னும் கேட்கிறார். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்காரன். ஒரே ஒருத்தரை வச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. குலுக்கல் முறையில் பிரிச்சுப் பார்த்த ஆய்வுகள்தான் வழின்னு மூன்றைப் படித்தேன். மூன்றுமே மாரடைப்பால் வரும் கார்டியோஜெனிக் ஷாக் பற்றியவை.

முதல்ல பலூன் பம்ப். 1960களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கு. வழிகாட்டி நெறிகளும் அழுத்தமாகப் பரிந்துரைத்தன. 2012-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 600 பேர். 30 நாளில் இறந்தவர்கள் பலூன் வைத்தவர்களில் 39.7%, வைக்காதவர்களில் 41.3%. இது புள்ளியியல் கணக்கில் வித்தியாசமே இல்லை. பெரிய கெடுதலும் தெரியவில்லை.

அடுத்து எக்மோ. 2023-ல் வந்த ஆய்வில் இறப்பு 47.8%, எக்மோ இல்லாமல் 49.0%. ஆனால் கணிசமான ரத்தக்கசிவு 9.6%-லிருந்து 23.4% ஆனது. ரத்த ஓட்டம் கூடுது, அதே சமயம் பலவீனமான இடது கீழறை எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமையும் கூடுது. சர்வர் மானிட்டரில் எல்லாம் பச்சையா இருக்கும், வாடிக்கையாளருக்கு வேலை நடக்காது இல்லையா, அந்த மாதிரி.

2024-ல் டேன்ஜர் ஷாக். இம்பெல்லா பம்ப் இடது கீழறையிலிருந்தே ரத்தத்தை உறிஞ்சி மகாதமனியில் விடும். 180 நாளில் இறப்பு 45.8%, பம்ப் இல்லாமல் 58.5%. கிட்டத்தட்ட 8 பேருக்கு வச்சா கூடுதலா ஒருத்தர் பொழைக்கிறார். பெரிய விஷயம்தான். "பம்ப் ஜெயிச்சாச்சு"ன்னு எழுதுறவங்களோடதான் எனக்குச் சண்டை.

ஒன்று, இதயம் நின்று மீட்கப்பட்டு நினைவு திரும்பாதவர்களை இதில் சேர்க்கவில்லை. எக்மோ ஆய்விலோ பெரும்பாலானோர் அப்படி மீட்கப்பட்டவர்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. இரண்டு, 360 பேரைச் சேர்க்கவே பத்து வருஷம் ஆச்சு. அவ்வளவு சலித்து எடுத்தவர்கள். மூன்று, கடுமையான சிக்கல்கள் 6.2%-லிருந்து 24.0% ஆயின, அதாவது சுமார் 6 பேருக்கு ஒருத்தர் கூடுதலா. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களும் அதிகம். நான்கு, நிதி கொடுத்தவர்களில் பம்ப் தயாரிக்கும் அபியோமெட் கம்பெனியும் உண்டு. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனா இன்னொரு ஆய்வும் இதையே சொல்லும்வரை நான் காத்திருப்பேன்.

ஆக, "பம்ப் பலன் தருமா?" என்பது கேள்வியே இல்லை. எந்த பம்ப், எந்த நோயாளிக்கு, என்ன விலை கொடுத்து என்பதுதான் கேள்வி.

நண்பருக்கு நான் சொன்னது: உங்க கையெழுத்து அப்பாவைக் கொன்றதுன்னு எந்தக் கணக்கும் சொல்லலை. காப்பாற்றியிருக்கும்னும் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி வேற யாரா இருந்தாலும் அதே இடத்தில்தான் கையெழுத்துப் போட்டிருப்பாங்க.