கண் கண்டதும் வாய் சொன்னதும்

பறக்கும் தட்டுகளைப் பற்றிய இரண்டு புஸ்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று, ஹார்வர்டில் வான சாஸ்திரப் பேராசிரியராக இருந்த டொனால்ட் மென்ஸல் 1953-ல் எழுதியது. மற்றது, அமெரிக்க விமானப் படையில் இந்தப் புகார்களை விசாரித்த எட்வர்ட் ரப்பெல்ட் 1956-ல் எழுதியது. விஞ்ஞானம் என் துறை அல்ல. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில், சாட்சி சொல்பவனை இவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

மென்ஸல் சாட்சிகளைப் பொய்யர் என்று தள்ளவில்லை. அவர்கள் கண்டது நிஜம், கொடுத்த பெயர்தான் தவறு என்பது அவர் கட்சி. கானலும், பனித் துகள்களும், வெப்பம் மாறிய காற்றடுக்குகளும் ஒளியை வளைத்தும் திருப்பியும் உருவங்களைக் காட்டும் என்கிறார். சரிதான். ஆனால் அவ்வளவு தூரம் போகாமலே, தினசரி போகிற ஆகாய விமானம் ஒன்றே நம்மை ஏமாற்றப் போதும்.

நேர் எதிரே வருகிற விமானம் நகர்வதாகவே தெரியாது. முன்விளக்கின் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்று பெரிதாகும். விமானம் திரும்பினால் ஒளி சட்டென்று மறையும். "இமைக்கும் நேரத்தில் பறந்துவிட்டது" என்போம். வெயிலில் பளபளக்கும் உலோக உடல் கண்ணைக் கூசச்செய்யும்போது மெல்லிய இறக்கைகள் மங்கிப்போகும். மிஞ்சுவது நீள்வட்டமான ஒரு பிரகாசம். நமக்குச் சூரியன் மறைந்த பிறகும், 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின்மேல் பத்து நிமிஷத்துக்கும் அதிகமாக வெயில் படும். இருளும் வானத்தில் அது தணலாய்த் தெரியும். 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்து சத்தம் வந்துசேரக் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் பிடிக்கும்.

ஒருநாள் இரவு மொட்டை மாடியில் நானே இதைக் கண்டேன். தென்னைகளுக்கு மேல் ஒரு வெள்ளை வெளிச்சம், அசையாமல். உடம்பு சிலிர்த்தது. பிறகு அது மறைந்தது. சற்றுக் கழித்து விமானச் சத்தம் கேட்டது. மறுநாள் நண்பர்களிடம் சொன்னபோது வெளிச்சத்தைச் சொன்னேன், மறைந்ததைச் சொன்னேன், சத்தத்தை விட்டுவிட்டேன். கதை நன்றாக இருந்தது. என்னை ஏமாற்றியது வெளிச்சம். அவர்களை ஏமாற்றியது நான்.

இந்த இரண்டாவது ஏமாற்றம் மென்ஸலின் கணக்கில் போதிய அளவு வரவில்லை என்பது என் குறை. 1947 ஜூன் 24-ந் தேதி, ரெய்னியர் மலைப் பக்கம் தம் விமானத்தில் பறந்துகொண்டிருந்த கென்னத் ஆர்னால்ட் முதலில் ஒரு மின்னொளியையும், பிறகு வரிசையாகப் போன ஒன்பது உருவங்களையும் கண்டார். அவை எவை என்பதில் இன்றும் தகராறு. குளத்தில் ஓட்டுச் சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிச் சென்றன என்ற கருத்தில் "தட்டு" என்றார். தொல்காப்பியம் வினையைப் பற்றிய உவமையையும் வடிவத்தைப் பற்றிய உவமையையும் வேறு வேறாக வைக்கிறது. பத்திரிகைகள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. ஓட்டத்துக்குச் சொன்னது வடிவத்துக்கு வந்து, பெயராகவும் நிலைத்தது. பிறகு மின்னிய விமானமெல்லாம் வட்டத் தட்டாகவே தெரிந்ததில் ஆச்சரியமில்லை. வெளிச்சம் பாதி உருவத்தைத் தந்தது. மீதியை ஒரு சொல் தந்தது.

ரப்பெல்ட் பொறுமைசாலி. சாட்சியைப் பேசவிடுகிறார், தெரியாததைத் தெரியாது என்கிறார். அதனால்தான் 1960 பதிப்பில் அவர் சேர்த்த மூன்று அத்தியாயங்கள் என்னை ஏமாற்றின. தட்டு என்று ஒன்றுமே இல்லை என்ற தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் முதல் 17 அத்தியாயங்களின் நிதானம் அங்கே இல்லை. அவசரமாகக் கதவைச் சாத்துகிறார். 1969-ல் விமானப் படையின் விசாரணை முடிந்தபோது, வந்திருந்த 12,618 புகார்களில் 701 விளங்காமலே நின்றன. விளங்காதது என்றால் விளங்காதது என்றுதான் அர்த்தம். வேற்றுக் கிரகம் என்று அர்த்தமில்லை.

மென்ஸலிடம் ஒளியைக் கற்கலாம்; ரப்பெல்ட்டிடம் விசாரிக்கக் கற்கலாம். இரண்டையும் படித்து முடித்த வாரத்தில் அதே நண்பர்களைப் பார்த்தேன். விட்டுப்போன சத்தத்தைச் சேர்த்துச் சொன்னேன். ஒருவரும் ரசிக்கவில்லை.