சின்னக் கடைக்கு எந்த இணையதளம்?

எலவனாசூர்கோட்டையில் மாமா மரச்செக்கு வைத்திருக்கிறார். உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் வாங்குகிறார்கள். டின் காலியானதும் தங்கள் ஊரிலிருந்தே இணையத்தில் கடையைத் தேடுகிறார்கள். விலையும் கைபேசி எண்ணும் பார்சல் விவரமும் கிடைத்தால் அவர்களுக்குப் போதும். அதற்காக கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் இரண்டிலும் கடைப்பக்கம் அமைத்துப் பார்த்தேன்.

மாமா கேட்டது ஒன்றுதான்: "மாப்ள, விலைய நானே மாத்த முடியுமா?"

கூகுள் சைட்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஒரே மாலையில் பக்கம் தயாராகிவிட்டது, தமிழும் சிதையாமல் வந்தது. ஆனால் ஆர்டர் போட்டுப் பணம் கட்டும் வசதி கிடையாது. பக்கத்தைத் திருத்தக் கணினி வேண்டும். கல்லாவில் இருப்பவரிடம் கணினி ஏது?

வேர்ட்பிரஸ்ஸில் கைபேசிச் செயலியிலேயே விலையை மாற்றலாம். வூகாமர்ஸ் என்ற பிளகினைச் சேர்த்தால் முழுக்கடையே நடத்தலாம். மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்குக்கு மட்டும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். உண்மையான செலவு பராமரிப்புதான். பிளகின்களைப் புதுப்பிக்காமல் விட்டால் ஹேக்கர்களுக்கு வழி திறந்துவிடும். அதைக் கவனிக்க நம்பகமான ஆள் வேண்டும்.

இரண்டிலும் படங்களைச் சுருக்கி ஏற்றுவது நல்லது. கைபேசியில் எடுத்தபடியே போட்டால், கல்வராயன் மலைப் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்க நேரமாகலாம்.

எதில் கட்டினாலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, நம்முடையதாக இருக்க வேண்டும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்த தளங்களை 2024 மார்ச்சில் கூகுளே மூடிவிட்டது. ஜூன் 10 வரை பழைய முகவரி ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிட்டது, அதன்பின் அதுவும் இல்லை. அந்த முகவரியை லேபிளில் அச்சடித்திருந்த கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். சொந்த டொமைன் இருந்தால், தளத்தை வேறிடத்தில் கட்டி அதே முகவரியில் திறந்துவிடலாம். டொமைனைத் தம் பெயரில் பதிந்துகொண்டு, பிறகு கடைக்காரரை அலைய விடும் டிசைனர்களும் உண்டு.

மாமாவுக்கு நான் சொன்ன முடிவு: சொந்த டொமைனில் கூகுள் சைட்ஸ், விலைப்பட்டியல் மட்டும் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில். அதைக் கைபேசியிலேயே அவர் மாற்றிக்கொள்ளலாம். தினமும் பார்சல் போகிற அளவுக்கு வியாபாரம் வளர்ந்தால் வேர்ட்பிரஸ்ஸுக்குப் போகலாம்.

யாரிடம் வேலை கொடுத்தாலும், முன்பணம் தருவதற்கு முன் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிந்து, பாஸ்வேர்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.