வெட்டப்படாத கேக்

காதலன் கைவிட்ட பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கண்ணீர்தான் முதலில் கைக்கு வரும். எழுத்தாளர் கேதரின் ஆன் போர்ட்டர் எடுத்துக்கொண்டது மளிகை ஜாடிகளை.

1930இல் வந்த 'ஃபிளவரிங் ஜூடாஸ்' தொகுப்பில் இருக்கிறது அவருடைய 'தி ஜில்டிங் ஆஃப் கிரானி வெதரால்' சிறுகதை. எண்பதை எட்டப்போகும் எல்லன் பாட்டி சாகக் கிடக்கிறாள். அறுபது வருஷத்துக்கு முன்னால் வெள்ளை முக்காடு அணிந்து, கேக்கையும் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். மாப்பிள்ளை ஜார்ஜ் வரவில்லை. அந்தக் கேக்கை யாரும் வெட்டவே இல்லை.

போர்ட்டர் உடனே அங்கே போவதில்லை. பாட்டியின் நினைவு முதலில் அலமாரிக்குப் போகிறது. காபி, டீ, சர்க்கரை, இஞ்சி, பட்டை என்று பெயர் எழுதிய ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. உச்சியில் சிங்கம் வைத்த கடிகாரம் தூசி தட்டிப் பளிச்சென்று இருக்கிறது. முதல் வாசிப்பில் இதைக் கண்டிப்பான கிழவியின் சுபாவம் என்றே கடந்துபோனேன். கல்யாண நாள் வரும் பக்கத்தில்தான் உறைத்தது. வரிசை பிசகாமல் பயிரிட்ட வயலின்மேல் கரும்புகை ஊர்ந்து வந்து மூடுகிறது. அன்று புகையில் மறைந்த வரிசையைத்தான் ஆயுள் முழுக்க அவள் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்!

பிறகு ஜானை மணந்தாள், பிள்ளைகள் பெற்றாள். அவன் சின்ன வயதிலேயே போய்விட, நூறு ஏக்கருக்கு வேலி போட்டாள். கம்பம் நடக் குழியும் தானே தோண்டினாள். இத்தனை வாழ்ந்தவளுக்கு ஓர் ஆசை பாக்கி: ஜார்ஜைக் கண்டுபிடித்து, அவனை மறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். மறந்தவளுக்கு அதைச் சொல்ல ஆள் எதற்கு? கைவிடப்பட்ட மனத்தின் வீம்பும் வலியும் இந்த ஒரே ஆசையில் முழுதாக இருக்கின்றன. ஆசிரியர் அதன்மேல் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

கடைசியில் கடவுளிடம் ஓர் அடையாளம் கேட்கிறாள். வரவில்லை. வீட்டில் பாதிரியார் இருக்கிறார், மணவாளன் இல்லை, அன்றைக்கு இருந்ததுபோலவே. விளக்கைத் தானே ஊதி அணைக்கிறாள்.

பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. பிள்ளைகள் கண்ணில் படக் கூடாதென்று நாளைக்கு ஒழிக்க நினைத்திருந்தாள். ஜானின் கடிதங்களோடு ஜார்ஜின் கடிதங்களும் அதில் பத்திரமாகக் கிடக்கின்றன.